2040க்கு நாலு கதை எழுதச் சொல்றாங்க, சின்ன மஜ்லிஸ்ல இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?

மஜ்லிஸ்_தம்பி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

மலேசியாவுல பேராக் மாநிலத்துல தெக்குப் பக்கம் ஒரு டவுனு, அங்க மாவட்ட மஜ்லிஸ்ல (உள்ளாட்சி மன்றம்) ப்ளானிங் பகுதில வேலை பாக்குறேன். ஊரு பேரு வேணாம், சுத்திச் செம்பனை (எண்ணெய்ப் பனை), நடுவுல ஒரு பெரிய சடக்கு (ரோடு), ரெண்டு பேங்கு, ஒரு மாரியம்மன் கோயிலு, திங்கக்கெழம பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை), அவ்ளோதான் ஊரு, படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு இந்த மாதிரி ஒரு ஊருலேர்ந்துதான் வந்திருப்பீங்க.

விஷயம் என்னன்னா எங்க ஒய்டிபி (மஜ்லிஸ் தலைவரு) ஒரு கோர்ஸுக்குப் போயிட்டு வந்தாரு, வந்ததும் "2040க்கு சினாரியோ ப்ளானிங் (எதிர்காலம் எப்படியெல்லாம் போகலாம்னு வேற வேற கதையா எழுதிப் பாக்குறது) பண்ணணும், அடுத்த ஸ்ட்ரேட்டஜி புக்கு அதை வச்சுத்தான் வரணும்"னு மீட்டிங்ல சொல்லிட்டாரு. எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. வேலை என் மேசைக்கு வந்துருச்சு.

போன மாசம் ஒரு நாள் பட்டறை வச்சோம். காலைல நாசி லெமாக், பத்தரைக்குக் கூய் (பலகாரம்), மத்தியானம் பிரியாணி, நடுவுல நடுவுல எதிர்காலம். நாலு மேசை போட்டு மேசைக்கு ஒரு எதிர்காலம்னு பிரிச்சு விட்டோம், மஞ்சக் காகிதத்துல எழுதி எழுதி செவத்துல ஒட்டச் சொன்னோம். சாயந்தரம் பாத்தா மொத மேசை "செழிப்பான ஊரு", ரெண்டாவது "செழிப்பான பசுமை ஊரு", மூணாவது "ஸ்மார்ட் ஊரு", நாலாவது மேசைதான் கொஞ்சம் யோசிச்சிருக்கு, "வெள்ளம் வந்தாலும் சமாளிக்கிற செழிப்பான ஊரு". நாலும் ஒரே கதை, சட்டை மட்டும் வேற.

ஒரே ஒரு காகிதம் மட்டும் வித்தியாசமா இருந்துச்சு. எங்க ஆபீஸ்ல லைசென்ஸ் கவுண்டர்ல இருக்குற ஒரு பொண்ணு எழுதுனது, "தோட்டத்தை வித்துட்டா என்ன பண்றது? பிள்ளைங்க எல்லாம் ஷா ஆலம் போயிட்டா கடைல யாரு சாமான் வாங்குவா?" அவ்ளோதான். ரிப்போர்ட்டு டைப் ஆகி வந்தப்ப அந்த வரி இல்ல. கேட்டேன். "அது நெகட்டிப்லா, மேல போற புக்குல அதெல்லாம் போடக் கூடாது"ன்னாங்க. அந்தக் காகிதத்தை எடுத்து என் ட்ராயர்ல வச்சிருக்கேன், ஏன்னு கேட்டா தெரியல.

என் கேள்வி ரெண்டு. இது பெரிய கம்பெனி, பெரிய நாட்டுக்கு மட்டும்தானா, இல்ல எங்கள மாதிரி லோங்கான் (சாக்கடை) கழுவுற மஜ்லிஸுக்கும் ஏதாச்சும் பயன் இருக்கா? இருக்குன்னா, மேல இருக்கறவங்க கேக்க விரும்பாத கதைய எப்படி உள்ள கொண்டு வர்றது?

—

ஜோகூர்_பாலம்:

ப்ரோ, மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க, நீங்க பண்ணது சினாரியோ இல்ல. ஆசப் பட்டியலு. கோயில்ல எழுதிப் போடுற வேண்டுதல் சீட்டு மாதிரி.

நான் கவர்மெண்ட் ஆளு இல்ல, தெனம் காலைல நாலரைக்கு எந்திரிச்சு பாலம் தாண்டி சிங்கப்பூர்ல ஒரு சரக்குக் கம்பெனில ப்ளானிங் பாக்குறவன், ஜாம்ல நிக்கிற நேரத்துல இதைப் பத்தி நெறையப் படிச்சிருக்கேன். இதுக்குப் பேரு வாங்கிக் குடுத்தது ஷெல் எண்ணெய்க் கம்பெனி. 1970கள் தொடக்கத்துல அங்க பியர் வாக்னு ஒரு பிரெஞ்சுக்காரரு இருந்தாரு. அப்ப எல்லாக் கம்பெனியும் எண்ணெய் வெல இப்படியே மெதுவா போகும்னு கோடு போட்டுக்கிட்டு இருந்துச்சு. இவரு குழு மட்டும் எண்ணெய் வச்சிருக்கிற நாடுங்க பக்கத்துலேர்ந்து பாத்தாங்க, நாம அவங்களா இருந்தா இவ்ளோ மலிவா எதுக்கு விக்கணும்? 1973 அக்டோபர்ல சண்டை வந்துச்சு, பீப்பாய் 3 டாலரு சொச்சம் இருந்தது 1974 ஜனவரில 11 டாலரைத் தாண்டிருச்சு. அவங்க ஜோசியம் சொல்லிப் பலிச்சுதுன்னு எல்லாரும் எழுதுவாங்க, விஷயம் அது இல்ல. வெல ஏறுனா நாம என்ன பண்ணுவோம்னு அந்த மேனேஜருங்க முன்னாடியே ஒரு தடவ மனசுக்குள்ள வாழ்ந்து பாத்திருந்தாங்க, அதனால மத்தவன் முழிக்கிறப்ப இவங்களுக்குக் கை நடுங்கல.

அவரு சொன்ன ஒரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கங்கை மேல மலைல பெரு மழை பேஞ்சுதுன்னா ரெண்டு நாள்ல ரிஷிகேஷ்ல தண்ணி ஏறும், இன்னும் சில நாள்ல அலகாபாத், அப்புறம் காசி. காசில நிக்கிறவனுக்கு வெயிலடிக்கும், ஆனா வெள்ளம் ஏற்கனவே கெளம்பிருச்சு. இது குறி சொல்றது இல்ல, மேல பேஞ்ச மழையப் பாத்துச் சொல்றது. அதனால மொதல் வேலை, உங்க ஊருக்கு எந்த மழை ஏற்கனவே பேஞ்சிருச்சு, எது இன்னும் பேயல, எந்தப் பக்கம் பேயும்னு தெரியல, இதைப் பிரிக்கிறது. தெரியாததுலதான் கதை பிரியணும். உங்க நாலு மேசைலயும் கதை எங்கயும் பிரியவே இல்ல.

கவர்மெண்ட்ல வேலைக்கு ஆகுமான்னு கேட்டீங்க. சிங்கப்பூர்ல 1980கள் கடைசில ராணுவ அமைச்சுதான் இதைத் தொட்டுச்சு, 1995ல பிரதமர் ஆபீஸ்லயே தனியா ஒரு சினாரியோ ஆபீஸ் போட்டாங்க, 2003ல அதுக்குப் பேரு மாத்துனாங்க, 2009ல எதிர்காலத்தைப் பாக்குறதுக்குன்னே இன்னொரு மையம் வந்துச்சு. சார்ஸுக்கு அப்புறம், நாலு கதை எழுதி வச்சா மட்டும் பத்தாது, சின்னச் சின்ன அறிகுறியத் தேடிக்கிட்டே இருக்கணும்னு 2004ல அதுக்கு ஒரு தனித் திட்டமும் தொடங்குனாங்க. இருவது முப்பது வருஷமா விடாம பண்றாங்க. ஆனா அங்க அரசாங்கம் ஒரே அடுக்கு. உங்களுக்கு மேல மாநிலம், அதுக்கு மேல புத்ராஜெயாவுல மத்திய அரசாங்கம்.

நீங்க பண்ண வேண்டியது சிம்பிள். பெரிய சந்தேகம் ரெண்டு எடுங்க, குறுக்க ஒரு கோடு நெடுக்க ஒரு கோடு, நாலு கட்டம், நாலு ஊரு.

—

லோரி_மச்சான்:

2040 இருக்கட்டும் பாஸ். எங்க தாமான்ல (குடியிருப்பு) மூணாவது லோரோங் (சந்து) லோங்கான் மூடி ஒடஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, போன தீவாளிக்கு எங்க பெரியம்மா அதுல கால விட்டு இன்னும் நொண்டுறாங்க. அது எந்தக் கட்டத்துல வருது?

—

மஜ்லிஸ்_தம்பி:

@லோரி_மச்சான் அண்ணே அது எந்த மஜ்லிஸ்னு தனியா மெசேஜ் போடுங்க, என் மஜ்லிஸா இருந்தா நாளைக்கே போயிப் பாக்குறேன். சிரிக்கிறதுக்குச் சொல்லல.

@ஜோகூர்_பாலம் நன்றி ப்ரோ, வேண்டுதல் சீட்டு நல்லாத்தான் இருக்கு, ஆபீஸ்ல சொல்ல முடியாது. ஆனா எங்க ஊருக்கு ஏற்கனவே பேஞ்ச மழை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் கன்சல்டன்ட் வேணும்னு சொல்லி ஒரு தொகை கேக்குறாங்க, அந்தக் காசுல ஒரு குப்பை லோரியே வாங்கிடலாம் போல இருக்கு.

—

பழைய_கிராணி:

தம்பி, காசு செலவு பண்ணாதீங்க. நான் சொல்றேன்.

34 வருஷம் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா (கணக்கு எழுதுறவர்) இருந்தவன் நான். மேல அந்தத் தம்பி காசி, கங்கைன்னு எழுதியிருந்தாரு, படிச்சிட்டு வீட்டுக்காரியக் கூப்பிட்டுக் காட்டுனேன். தோட்டத்தைச் சுத்தி இருக்கிற டவுனுக்கு மேல பேஞ்ச மழைன்னா அது மரத்தோட வயசுதான்.

செம்பனை நட்டா மூணாவது வருஷம் போலப் பழம் வெட்டலாம். இருவத்தஞ்சு வருஷம் போகும். அதுக்கு மேல மரம் ஒசந்துரும், நீட்டுக் கம்புல அருவாளக் கட்டி வெட்டுறவன் கழுத்து ஒடியும், பழமும் கொறையும். அப்பத்தான் தொரை (தோட்டத்து மேனேஜரு) கணக்குப் போடுவாரு. மறுபடி நடவா, இல்ல வேற வழியா? மறுபடி நட்டா மூணு வருஷம் செலவு மட்டுந்தான், ஒரு காசு வரவு கிடையாது. வீடு கட்டுறவன் காரு ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறது அந்த நேரத்துலதான், நான் என் கண்ணால பாத்திருக்கேன். மரம் பத்து வயசா இருக்கும்போது எவனும் வரமாட்டான், வந்தாலும் தொரை காப்பி குடுத்து அனுப்பிடுவாரு.

இப்ப நீங்க எந்தத் தோட்டத்து ஆபீஸுக்கு வேணும்னாலும் போயிப் பாருங்க, செவத்துல ஒரு வரைபடம் தொங்கும், ஒவ்வொரு காட்டுக்கும் (ஒரே வருஷம் நட்ட துண்டுக்கு அப்படித்தான் பேரு) ஒரு கலரு, கலருக்குள்ள நட்ட வருஷம் எழுதியிருக்கும். 98 காடு, 2004 காடு, 2011 காடு, இப்படித்தான் பேரே. அந்த வரைபடம்தான் தம்பி உங்க 2040. 2015ல நட்டது 2040ல முடிவுக்கு வரும். 99ல நட்டது இப்பவே வந்துருச்சு. எந்தப் பக்கம் டவுனு வளரும், எந்தப் பக்கம் வளராதுன்னு அதுல பாதி தெரிஞ்சிரும். மீதிப் பாதி செம்பனை வெல, வேலைக்கு ஆளு, இதெல்லாம்.

இன்னொன்னு. தோட்டத்து நெலம் 40 ஹெக்டருக்கு மேல இருந்தா சும்மா துண்டு போட்டு வித்துட முடியாது, தேசிய நிலச் சட்டத்துல 214ஏ பிரிவுன்னு ஒன்னு, எஸ்டேட் நில வாரியத்துக்கிட்ட அனுமதி வாங்கணும். அப்புறம் விவசாய நெலத்தை வீட்டு நெலமா மாத்துறதுக்கு நில ஆபீஸு. மண்ணுல புல்டோசர் ஏறுறதுக்கு ரொம்ப முன்னாடியே காகிதம் நடக்க ஆரம்பிச்சிரும். உங்க மஜ்லிஸ் ஆளுங்களுக்கு அது காதுல விழுதான்னு பாருங்க. விழலன்னா அதுதான் மொதல்ல சரி பண்ண வேண்டியது.

நாலு கதைன்னு சொன்னீங்களே, அதுக்கும் ஒன்னு சொல்லணும். 80கள்ல எங்க பக்கம் தென்னைக்கு அடில கொக்கோ போட்டோம். நல்ல வெல. மேல இருந்து வந்த ரிப்போர்ட்டுல மூணு கணக்கு, வெல நல்லா ஏறும், சுமாரா ஏறும், கொஞ்சமா ஏறும். எறங்கும்னு ஒரு கணக்கு இல்ல. வெலயும் எறங்குச்சு, காயத் துளைக்கிற புழுவும் வந்துச்சு, காயப் பொளந்தா உள்ள கொட்டையெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிப் பாறை மாதிரி இருக்கும். நட்ட கையாலயே வெட்டிப் போட்டோம். அதனால ஒசரம், நடு, தாழ்வுன்னு மூணு கோடு போட்டா அதைக் கதைன்னு நம்பாதீங்க, அது ஒரே கதைய மூணு சைஸ்ல தைக்கிறது.

அதே மாதிரி 2022 மார்ச்ல செம்பனை எண்ணெய் டன்னு 7,000 வெள்ளியத் (ரிங்கிட்) தாண்டுச்சு, என் வாழ்நாள்ல அந்த வெல பாத்ததே இல்ல. ஆனா கோவிட்னால வெளிநாட்டு ஆளு வரல, பழம் மரத்துலயே அழுவிச்சு. வெல ஏறும்னு யோசிச்சவங்க இருந்திருப்பாங்க, ஆளு இருக்காதுன்னு யோசிச்சவங்களும் இருந்திருப்பாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வரும்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் யோசிக்கல.

—

ஜோகூர்_பாலம்:

ஐயா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியல. அந்த நாலு கட்டமே இதுக்குத்தான், வெல மேல ஆளு இல்ல, வெல கீழ ஆளு இருக்கு, இப்படி ரெண்டு ரெண்டா சேத்துப் பாக்கத்தான்.

—

டீச்சர்_விமி:

எல்லாரும் மரத்தை எண்ணுறீங்க, நான் தலைய எண்ணுறவ. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளில 19 வருஷம்.

2040ல இருவது வயசு ஆகப்போற பிள்ளை 2020லயே பொறந்துருச்சு. புதுசா யாரும் பொறந்து வந்து அந்தக் கணக்க மாத்த முடியாது. நாட்டோட கருவள விகிதம் பத்து வருஷத்துக்கு மேலயே 2.1க்குக் (ஜனத்தொகை கொறையாம இருக்க வேண்டிய அளவு) கீழதான் இருக்கு. எங்க பள்ளில ஒண்ணாம் வகுப்புக்கு வர்ற பிள்ளைங்கள ரெண்டு கை வெரல்ல எண்ணிடலாம், லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) தமிழாளுங்க வீடு நாலோ அஞ்சோதான், மத்ததெல்லாம் பங்களாதேஷ், இந்தோனேசியா ஆளுங்க. நாடு முழுக்க ஐந்நூத்துக்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அதுல எத்தனையோ பள்ளிக்குத் தோட்டத்தை விட்டு ஆளு போயிட்டாங்க, பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவுல நிக்குது. பள்ளி லைசென்ஸ எடுத்துட்டுத் தாமானுக்கு மாத்துறதுன்னா நெலம் வேணும், நெலத்துக்கு மஜ்லிஸ் ப்ளான்ல பள்ளிக்குன்னு எடம் ஒதுக்கியிருக்கணும். அதைப் பதினஞ்சு வருஷம் முன்னாடி ஒதுக்கியிருந்தா ஒரு கையெழுத்து. இப்பக் கேட்டா எல்லா எடமும் கடை வீடாயிருச்சு.

தம்பி, உங்க பட்டறைக்கு யாரு யாரு வந்தாங்க? புதன்கெழம காலைல ஒம்போது மணிக்கு டேவான்ல (மண்டபம்) வச்சா யாரு வருவா? ஆபீஸ் ஆளுங்க, ரெண்டு கம்பத்துத் தலைவரு, ஒரு கட்சிக்காரரு. பாசார் மாலாம்ல காசு குடுத்து வாங்குறவங்கள்ல பாதி வெளிநாட்டுத் தொழிலாளிங்க, அவங்க இல்லன்னா அந்தப் பாசாரே இல்ல, அவங்கள்ல ஒருத்தரையும் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. ஃபோம் ஃபைவ் (பதினேழு வயசு) பிள்ளைங்க நாலு பேரக் கூப்பிட்டு "2040ல நீ எங்க இருப்ப"ன்னு கேட்டிருந்தா உங்க நாலு மேசையும் ஆடிப் போயிருக்கும்.

அந்த லைசென்ஸ் கவுண்டர் பொண்ணு கெட்டிக்காரி. கடைங்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வர்றவங்க கொறையறத அவதான் மொதல்ல பாப்பா.

—

மலாக்கா_அக்கா:

மாநில ப்ளானிங் ஆபீஸ்ல 28 வருஷம், இப்ப ஓய்வு. டீச்சர் கடைசியா சொன்னதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

மொதல்ல, நாலு கட்டம் நாலு கட்டம்னு அதையே பிடிச்சுத் தொங்காதீங்க. (ஜோகூர் தம்பி சண்டைக்கு வருவாரு, வரட்டும்.) நான் பாத்த வரைக்கும் சின்ன ஆபீஸ்ல கோடு ரெண்டும் என்னன்னு சண்டை போட்டே நாள் போயிரும். அதுக்குப் பதிலா முடிவுலேர்ந்து ஆரம்பிங்க. இந்த ரெண்டு மூணு வருஷத்துல உங்க மஜ்லிஸ் எடுத்தே ஆக வேண்டிய, எடுத்தா முப்பது வருஷத்துக்குத் திருப்ப முடியாத முடிவு எது? குப்பை மேடு எங்க, வெள்ளம் தேக்குற கோலாம் (குளம்) எங்க, பஸ் ஸ்டேஷன மாத்தலாமா வேணாமா. இந்த மாதிரி ரெண்டு மூணுதான் இருக்கும். அதை ஒவ்வொரு எதிர்காலத்துலயும் வச்சுப் பாருங்க. தோட்டம் தோட்டமாவே இருந்தா இந்தக் கோலாம் சரியா? தோட்டம் மூவாயிரம் வீடா மாறுனா? வீடு கட்டி யாரும் வாங்காம காலியா கெடந்தா? மூணுலயும் சரியா வர்றதை இப்பவே பண்ணிடுங்க. ஒன்னுல மட்டும் சரியா வர்றதுன்னா பண்ணாதீங்க, ஆனா எடத்தை மட்டும் பிடிச்சு வைங்க.

இதை நல்லாப் பண்ண ஊரு லண்டன். தேம்ஸ் ஆத்துல 1982லேர்ந்து ஒரு பெரிய தடுப்பணை வேலை செய்யுது. கடல் மட்டம் ஏறுது, எவ்ளோ ஏறும், எவ்ளோ சீக்கிரம் ஏறும்னு யாருக்கும் உறுதியா தெரியாது. 2012ல வந்த அவங்க திட்டம் 2100 வரைக்கும் போகுது, ஆனா இப்பவே புது அணை கட்டுன்னு சொல்லல. இன்ன இன்ன அளவுகளப் பாத்துக்கிட்டே வா, இந்த அளவு வந்தா இந்த வழி, அந்த அளவு வந்தா அந்த வழி, கட்ட எத்தனை வருஷம் ஆகுமோ அதைக் கழிச்சு முன்னாடியே முடிவெடு, அதுவரைக்கும் ஆத்தோர நெலத்தைக் கைய விட்டுப் போக விடாத, இப்படி. நம்ம கிட்டயும் சுங்கை ரிசாப்னு (ஆத்தோரமா ஒதுக்கி வச்ச நெலம்) ஒன்னு சட்டத்துல இருக்கு, அதைக் கடைக்காரன் கூரை போட்டு மூடாம பாத்துக்கிட்டாலே பெரிய விஷயம்.

ரெண்டாவது, நம்ம சிஸ்டத்தைப் புரிஞ்சுக்கணும். உள்ளாட்சித் தேர்தல 1965லயே நிறுத்திட்டாங்க, 1976 சட்டத்துப்படி கவுன்சிலர் எல்லாம் நியமனம், தவணை மூணு வருஷத்தைத் தாண்டக் கூடாது. ஒய்டிபியும் மாறுவாரு, நீங்களும் ட்ரான்ஸ்பர் ஆவீங்க. பதினஞ்சு வருஷக் கதைய ரெண்டு வருஷ ஆளு எழுதுனா அவரு போனதும் புக்கு அலமாரிக்குப் போயிரும், எனக்குத் தெரிஞ்சு அப்படிப் போன புக்கு நெறைய, அழகான அட்டை, உள்ள ஒரு பக்கம் கூட மடங்கியிருக்காது. அதனால ஆள நம்பாதீங்க, வழக்கத்துல சேத்து விடுங்க. சுக்காய் பிந்து (வீட்டு வரி) வருஷத்துக்கு ரெண்டு தடவ, பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் கடைசி. அந்த பில்லு அடிக்கிற மாசத்துல ஒரே ஒரு தாளு முழு மெஷுவாராட்டுக்குப் (மஜ்லிஸ் கூட்டம்) போகட்டும். நில மாத்தத்துக்கு எத்தனை மனு, கடை லைசென்ஸ் எத்தனை புதுப்பிக்கல, பள்ளில ஒண்ணாம் வகுப்பு எத்தனை, ரெண்டு மணி நேர மழைல எந்த எடத்துல தண்ணி நின்னுச்சு, இவ்ளோதான். யாரு வந்தாலும் அந்தத் தாளு போயிக்கிட்டே இருக்கும்.

மூணாவதுதான் நீங்க உண்மையா கேட்டது, கெட்ட கதைய எப்படி உள்ள விடுறது. தென்னாப்பிரிக்காவுல 1991, 92ல, மண்டேலா வெளிய வந்து, தேர்தல் இன்னும் வராத நேரம், கேப் டவுனுக்குப் பக்கத்துல மோன் ஃப்ளூர்னு ஒரு எடத்துல எதிரும் புதிருமா இருந்த 22 பேர ஒன்னா உக்கார வச்சாங்க. ஷெல்லுலேர்ந்து வந்த ஆதாம் கஹானேன்னு ஒருத்தருதான் நடத்துனாரு. நாலு கதை வந்துச்சு. தலைய மண்ணுல பொதைக்கிற தீக்கோழி, நொண்டி வாத்து, இறக்கை உருகி விழுந்த இக்காரஸ் (கிரேக்கக் கதைல வர்றவன்), மெதுவா கெளம்பி ஒன்னா பறக்குற பூநாரை. அந்த இக்காரஸ் கதை என்னன்னு பாருங்க, புது அரசாங்கம் வந்ததும் மக்களுக்கு எல்லாத்தையும் உடனே குடுக்கிறேன்னு அள்ளி எறைச்சுப் பொருளாதாரம் விழுறது. ஆட்சிக்கு வரப்போறவங்க முன்னாடியே அதைச் சொன்னாங்க, சொன்னதுல அவங்க ஆளுங்களும் இருந்தாங்க. யாரும் யாரையும் குத்தம் சொல்லல, பறவைக் கதை சொன்னாங்க.

அதனால தம்பி, "ஊரு அழிஞ்சிரும்"னு எழுதுனா ஒய்டிபி வெட்டத்தான் செய்வாரு, அவரு எடத்துல நான் இருந்தாலும் வெட்டுவேன், அந்த புக்கு எம்பி (மந்திரி பெசார், மாநில முதல்வர்) ஆபீஸுக்குப் போகுது. பேரு வையுங்க, கதையா எழுதுங்க. அதுல மஜ்லிஸ் தோத்துப் போகாம, முன்னாடியே பாத்துச் சமாளிச்ச மாதிரி ஒரு எடம் வையுங்க. முக்கியமா அதை நீங்க சொல்லாதீங்க, வாயத் தொறந்து சொல்ல வேண்டியவரு கிராணி ஐயா மாதிரி ஒருத்தரு.

—

ஜோகூர்_பாலம்:

அக்கா சண்டைக்கு வரல. ஆனா முடிவுலேர்ந்து ஆரம்பிச்சா, இன்னும் யாருமே யோசிக்காத முடிவு மாட்டாதே? எங்க கம்பெனில அப்படித்தான் ஒரு தடவ கிடங்கு எங்க கட்டலாம்னு மூணு மாசம் சினாரியோ போட்டோம், கிடங்கே வேணுமான்னு யாரும் கேக்கல. கட்டி முடிச்சு இப்பப் பாதி வாடகைக்கு விட்டிருக்கோம்.

—

மலாக்கா_அக்கா:

அது சரிதான். ஒத்துக்குறேன். காலைல உங்க மாதிரி, மத்தியானம் என்ன மாதிரி பண்ணச் சொல்லலாம். பிரியாணி மட்டும் வேணாம், சாப்பிட்டு ரெண்டு மணிக்கு எவனும் முழிச்சிருக்க மாட்டான்.

—

லோரி_மச்சான்:

பிரியாணி இருக்கட்டும்கா, அது ஒன்னுதான் உருப்படியா நடந்திருக்கு.

(தம்பிக்கு மெசேஜ் போட்டேன், வேற மஜ்லிஸ்தான் ஆனா அவரே அந்த ஆபீஸுக்கு போன் அடிச்சுச் சொல்லியிருக்காரு. மூடி இன்னும் வரல. சும்மா தகவலுக்கு.)

—

மஜ்லிஸ்_தம்பி:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

கிராணி ஐயா சொன்ன மாதிரி மூணு தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். ரெண்டு எடத்துல கேட்லயே நிறுத்திட்டாங்க, மேல லெட்டர் போடுங்கன்னுட்டாங்க. மூணாவதுல ஒரு கிராணி, சின்ன வயசுப் பொண்ணு, செவத்துல இருந்த வரைபடத்தைக் காட்டுனாங்க, போட்டோ எடுக்கக் கூடாதுன்னாங்க, சரின்னு கைலயே வரைஞ்சுக்கிட்டு வந்தேன். ஆபீஸ்ல வந்து எங்க லோக்கல் ப்ளான் வரைபடத்து மேல ட்ரேசிங் தாள வச்சுக் கலரு போட்டேன். பெரிய துண்டு எதுன்னா ஆத்துக்கு இந்தப் பக்கம், டவுன ஒட்டுன மாதிரி, 99 காடு. எங்க ப்ளான்ல அது விவசாயம்னு பச்சையா இருக்கு, கடைசி வருஷம் வரைக்கும் பச்சை. நில மாத்தத்துக்கு மனு ஏதாச்சும் வந்திருக்கான்னு நில ஆபீஸ்ல தெரிஞ்சவர் ஒருத்தரக் கேட்டேன், "கேள்விப்பட்டேன்"னு மட்டும் சொல்லிட்டு டீ ஆர்டர் பண்ணாரு.

அதை ஒய்டிபிக்கிட்ட காட்டுனேன். கதை எதுவும் சொல்லல, இது நட்ட வருஷம், இது இருவத்தஞ்சு வருஷம், அவ்ளோதான் சொன்னேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் "தண்ணி எந்தப் பக்கம் போகும்?"னு கேட்டாரு. எனக்குத் தெரியல. அடுத்த பட்டறைய டேவான்ல வேணாம், சனிக்கெழம பள்ளில வைன்னு சொல்லியிருக்காரு, பழைய ஆளுங்க யாராச்சும் இருந்தா கூப்பிடுன்னும் சொன்னாரு. அந்தக் கவுண்டர் பொண்ணையும் சேத்துட்டேன்.

ஐயா, நீங்க எந்தப் பக்கம் வேலை பாத்தீங்கன்னு நான் கேக்கல, ஆனா ஆத்தோரக் காட்டுல மழைக்குத் தண்ணி எப்படிப் போகும்னு சொல்ல முடியுமா?

—

பழைய_கிராணி:

தம்பி, ஆத்துக்கு இந்தப் பக்கம், டவுன ஒட்டி, கோயிலுக்குப் பின்னாடி வளையுற எடமா? அப்படின்னா நான் எந்தத் தோட்டம்னு நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நெனைக்கிறேன். அந்த 99 காடு நட்டப்ப ஆளு கணக்கு எழுதுனது நான். அதுக்கு முன்னாடி அது கித்தாக் (ரப்பர்) காடு.

அது பள்ளம். மேல எங்க மழை பேஞ்சாலும் தண்ணி அங்க வந்துதான் நிக்கும், ரெண்டு நாள், மூணு நாள் நிக்கும், அப்புறந்தான் ஆத்துக்குள்ள எறங்கும். பழைய ஸ்டோரு ஒன்னு இருந்துச்சு, பால் சட்டி மாட்டுற ஆணி வரைக்கும் தண்ணி ஏறுனத நான் பாத்திருக்கேன். டவுனு நனையாம இருக்குன்னா அந்தக் காடு நனைஞ்சதாலதான். தெனம் காலைல ஏழு மணிக்கு மழை அளவு எழுதுற புத்தகம் ஆபீஸ்ல வச்சிருந்தோம், பழையதுல ரெண்டு மூணு தூக்கிப் போடப் போறாங்கன்னு நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன், மேல பரண்ல கெடக்கு, கரையான் அரிக்காம இருந்தா.

வியாழக்கெழம எனக்குக் கண்ணு ஆஸ்பத்திரி. வெள்ளி காலைல வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள நடந்து காட்டுறேன். பூட்ஸ் போட்டுக்குங்க, வாய்க்கா ஓரத்துல அட்டை இருக்கும்.